மாசியில் திறக்கும் பெட்டி

தேனீ வளர்க்கிறேன் என்று மார்த்தாண்டம் பக்கம் சொன்னால், "எத்தனை பெட்டி?" என்று கேட்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் சொன்னால், "இங்க பூ ஏதுங்க?" என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருவையாற்றில் பஸ் ஏறி பாபநாசத்தில் இறங்கும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு பக்கமும் நெல்தான். நெல்லில் தேன் கிடையாது. காலை ஒன்பது, பத்து மணிக்குக் கதிர் பூ விரிக்கும்போது தேனீ போய்க் கொஞ்சம் மகரந்தம் சுருட்டிக்கொண்டு வரும். அதோடு சரி. குறுவை நட்டதிலிருந்து சம்பா கதிர் முற்றும்வரை ஊர் பச்சைப் பசேல் என்று இருக்கும். பெட்டிக்குள் பட்டினி கிடக்கும்.

பிறகு எப்படித்தான் இங்கே தேனீ பிழைக்கிறது? நெல்லை விட்டுக் கொஞ்சம் கண்ணைத் திருப்பினால் தெரியும். கொல்லையில் தென்னை, முருங்கை. காவிரி, குடமுருட்டிப் படுகைகளில் வாழை. வாழைப்பூ மடல் விரிந்த இடத்தில் காலையில் போய் நின்றால் தேனீ மொய்க்கும் சத்தமே கேட்கும். வாய்க்கால் கரையில் புங்கை, நாவல், இலுப்பை. தெருவுக்குத் தெரு வேம்பு. இவற்றில் பாதிக்கு மேல் தை மாதக் கடைசியில் தொடங்கிச் சித்திரைக்குள் பூத்து ஓய்ந்துவிடும். அதே சமயத்தில் சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் பூக்கும், மாசிப்பட்டத்து எள் பூக்கும். எங்கள் வருஷம் முழுவதும் இந்த இரண்டரை மாதத்துக்குள் அடங்கியிருக்கிறது. தேனீக்காரனுக்கு வேலையும் இந்த இரண்டரை மாதம்தான். மற்ற மாதங்களில் கூட்டத்தைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருப்பதே பெரிய காரியம்.

தேனீ வளர்ப்பைப் பற்றி வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுப் புத்தகங்கள். பனியில் சுருண்டு கிடந்த கூட்டம் ஏப்ரலில் வெயில் பட்டதும் எழுந்திருக்கும் என்று தொடங்குவார்கள். எங்கள் கூட்டத்தைச் சுருட்டுவது பனியில்லை, மழை. ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் அடைமழை பிடிக்கும்போது தேனீ வெளியே போக முடியாது. போனாலும் பூவில் இருக்கும் தேன் கழுவிக்கொண்டு போயிருக்கும். ராணி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். ஏழு அடையில் இருந்த கூட்டம் மார்கழியில் மூன்று, நான்கு அடைக்கு வந்து நிற்கும். அப்போது சர்க்கரையும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து, ஆறவைத்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே வைப்பேன். பகலில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பெட்டிக் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும். எறும்பும் வரும். பெட்டி நிற்கும் இரும்புக் குழாயில் எறும்புக் கிண்ணம் மாட்டித் தண்ணீர் ஊற்றியிருப்போம். மழை நின்றதும் அது வற்றுவதைக் கவனிக்காமல் விட்டால், மாமரத்து முசுறு ஒரே ராத்திரியில் கூட்டத்தைக் காலி செய்துவிடும்.

நான் வைத்திருப்பது நியூட்டன் பெட்டி. தமிழ்நாட்டில் அடுக்குத் தேனீ வளர்ப்பவர்களில் பலர் வைத்திருப்பது இதுதான். 1851இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், அடைக்கும் அடைக்கும் நடுவே தேனீ நடக்கிற அளவு இடைவெளி விட்டால் அதை அது மெழுகு வைத்து அடைக்காது என்பதைப் பிடித்துக்கொண்டு, கழற்றி மாட்டும் சட்டங்கள் கொண்ட பெட்டியைச் செய்தார். உலகத்துத் தேன் தொழிலே அந்தச் சந்தில்தான் நிற்கிறது. ஆனால் அது ஐரோப்பியத் தேனீயின் உடம்புக்கு ஏற்ற அளவு. நம்முடைய தேனீ சிறிசு, கூட்டமும் சிறிசு. அதற்கு அந்தப் பெட்டி அரண்மனை. இங்கே வந்து பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் நம் தேனீக்கென்று சின்னப் பெட்டியை வகுத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்து ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்தார். கீழே அடிப்பலகை, அதன் மேல் ஏழு சட்டம் கொண்ட புழு அறை, அதன் மேல் பாதி உயரத்தில் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி. நூறு வருஷத்துக்கு மேலாகியும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாற்றத் தேவையும் வரவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பெட்டியைத் திறக்கும் முன்னால் வாசலைப் பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் பக்கவாட்டில் நின்று பார்த்தால் போதும். வாசலுக்கு நேரே நிற்கக் கூடாது, அது அவர்கள் போகவர இருக்கும் வழி. பின்னங்காலில் மகரந்த உருண்டையோடு எத்தனை வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது என்று பார்ப்பேன். மகரந்தம் தடையில்லாமல் வந்தால் உள்ளே புழு இருக்கிறது, ராணி இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாசலில் சில தேனீக்கள் நின்ற இடத்திலேயே சிறகை விசிறிக்கொண்டிருக்கும். நம் தேனீ தலையை வெளிப்பக்கம் வைத்து விசிறும், அதாவது வெளிக்காற்றை உள்ளே தள்ளும். ஐரோப்பிய இனமான இத்தாலியத் தேனீ தலையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுக்கும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தவர்களுக்கு இது வேடிக்கை.

அடுத்தது அடிப்பலகை. இதை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தருவதில்லை. நான் சட்டத்துக்கு முன் இதைத்தான் பார்ப்பேன். மிச்சமாக ஒரு பலகை வைத்திருந்து, பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்துவிட்டு, பழையதை வெயிலுக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பது. வெள்ளையாகச் செதில் செதிலாக மெழுகு கிடந்தால் உள்ளே அடை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கறுப்பு மிளகுப்பொடி தூவினமாதிரி எச்சம் கிடந்தால் மெழுகுப்பூச்சி புகுந்துவிட்டது. செத்த புழு கிடந்தால் நோயோ பட்டினியோ, ஏதோ ஒன்று. நடுவில் ஊசித் துளை போட்ட குட்டித் தொப்பிகள் கிடந்தால், அதுதான் மாசி மாதச் செய்தி: ஆண் தேனீ பொரிந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது. நம் தேனீயின் ஆண் அறை மூடி கூம்பாக இருக்கும், உச்சியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். இத்தாலியத் தேனீயில் அந்த ஓட்டை கிடையாது. தொப்பி விழ ஆரம்பித்துவிட்டதென்றால் கூட்டம் பிரியும் யோசனையில் இருக்கிறது என்று கணக்கு. அதற்குப் பிறகு நாம் கைகட்டி உட்கார முடியாது.

புகைக்குத் தென்னம் பன்னாடை. நின்று எரியும், கண்ணைக் கரிக்காது. வாசலில் ஒரு ஊது, மேல்மூடியைத் தூக்கி ஒரு ஊது, போதும். அதிகம் ஊதினால் நம் தேனீ அடையை விட்டு ஓடிச் சட்டத்தின் கீழ்க்கட்டையில் கொத்தாகத் தொங்கும். அப்புறம் ஒன்றையும் பார்க்க முடியாது. காலை எட்டரை, ஒன்பது மணி நல்ல நேரம். பங்குனி வெயிலில் அதற்குமேல் போனால் புது அடை இளகிவிடும். தலைக்கு எண்ணெய், வாசனை சோப்பு, வியர்வை நாற்றம் எதுவும் ஆகாது. மேல்மூடியைத் திறந்ததும் உள்ளிருந்து ஒரே சமயத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல் எழும். முதல் தடவை கேட்பவர் பின்வாங்குவார். அது மிரட்டல்தான், கடி இல்லை.

நம் தேனீயிடம் எனக்குப் பிடித்த ஒரு குணம், அது பிசின் கொண்டுவந்து பூசுவதில்லை. இத்தாலியத் தேனீப் பெட்டியில் சட்டத்தை உளி வைத்து நெம்பவேண்டும். இங்கே இரண்டு விரல் போதும். ஓரத்துச் சட்டத்தை முதலில் எடுத்து வெளியே சாய்த்து வைத்தால் மற்றவற்றை நகர்த்த இடம் கிடைக்கும். ஓரத்து அடையில் தேனும் மகரந்தமும் இருக்கும். உள்ளே போகப் போகப் புழு. சட்டத்தைப் பெட்டிக்கு நேர் மேலே, நட்டமாகவே பிடித்துப் பார்க்க வேண்டும். படுக்கப் போட்டுப் பார்த்தால் புது அடை தன் பாரம் தாங்காமல் அறுந்து விழும். ராணி விழுந்தாலும் பெட்டிக்குள்ளேயே விழட்டும்.

ராணியைத் தேட வேண்டியதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ராணியைக் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று எல்லாச் சட்டத்தையும் புரட்டிப் போடுவார்கள். அறையின் அடியில் முட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, வெளிச்சம் தோளுக்கு மேலாக அறைக்குள் விழும்படி சட்டத்தைச் சாய்த்தால், வெள்ளை நூல்துண்டு மாதிரி தெரியும். இட்ட அன்று நட்டமாக நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும், அப்புறம் புழு. முட்டை இருந்தால் மூன்று நாளைக்குள் ராணி அங்கே நடந்திருக்கிறது. ஒரு அறையில் ஒன்றாக, நடுவிலிருந்து வரிசை தப்பாமல் இருந்தால் நல்ல ராணி. ஒரே அறையில் இரண்டு மூன்று, பக்கச் சுவரில் ஒட்டினபடி இருந்தால் ராணி இல்லை. பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன. அந்த முட்டையெல்லாம் ஆணாகத்தான் பொரியும். அந்தக் கூட்டத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, ராணி உள்ள வேறொரு கூட்டத்தோடு சேர்த்துவிடுவது நல்லது.

மூடின புழு அறைகளையும் பார்க்க வேண்டும். மூடிகள் தொடர்ச்சியாக, லேசாகப் புடைத்து இருந்தால் சரி. ஆங்காங்கே ஓட்டை விழுந்து, உள்ளே புழு தலையை மேலே தூக்கியபடி செத்து, தோல் நீர் கோத்த பையாக இருந்தால் அது பைப்புழு வைரஸ் நோய். 1976இல் தாய்லாந்தில் கண்டுபிடித்தார்கள். 1991-92இல் கேரளம், கன்னியாகுமரி, கர்நாடகம் என்று தென்னாட்டை அடித்துக்கொண்டு போனது; பத்துப் பெட்டி இருந்த வீட்டில் ஒன்று மிஞ்சினால் பெரிசு என்ற நிலைமை. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் பழக்கிக் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மார்த்தாண்டத்துத் தொழில் அந்த ஒரு நோயில் ஆட்டம் கண்டது. பலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள், மாறாதவர்கள் நோய்க்குத் தப்பிய கூட்டத்திலிருந்தே பிரித்துப் பிரித்து மீண்டார்கள். இன்றைக்கும் அதற்கு மருந்து கிடையாது. எந்தக் கூட்டம் தாக்குப்பிடிக்கிறதோ அதிலிருந்து ராணி எடுப்பதுதான் வழி. நான் பெட்டி பிரிக்கும்போது அதிகம் தேன் தந்த கூட்டத்தைப் பார்ப்பதில்லை, சுத்தமான புழு அடை உள்ள கூட்டத்தைத்தான் பார்க்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் பெட்டியைப் பெரிதாக்குவது என்றால் எல்லோரும் மேலே தேன் அறையைத் தூக்கி வைப்பதைத்தான் நினைக்கிறார்கள். உண்மையில் வேலை கீழே, ஒவ்வொரு சட்டமாக நடக்கிறது. நான்கு அடையின் இரண்டு பக்கமும் தேனீ அப்பிக்கொண்டு, மரம் தெரியாமல் இருந்தால், ஐந்தாவது சட்டம் கொடுக்கலாம். மேல்கட்டையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு மெழுகுத்தாள் ஒட்டி, புழு அடைக்கும் ஓரத்துத் தேன் அடைக்கும் நடுவில் இறக்குவேன். பூ நன்றாக இருந்தால் ஒரு வாரத்தில் கட்டி முடித்து முட்டையும் விழுந்திருக்கும். கட்டவில்லை என்றால் இரை போதவில்லை என்று அர்த்தம், ஆறாவதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

இந்த இடத்தில்தான் பெரும்பாலான பெட்டிகள் பாழாகின்றன. கூட்டம் பெருகட்டும் என்று ஆசைப்பட்டு ஒரேயடியாக மூன்று சட்டத்தை இறக்கி, மேலே தேன் அறையும் வைத்துவிடுவார்கள். நம் தேனீ தன்னால் காவல் காக்க முடியாத இடத்தை அப்படியே விட்டுவிடும். காவல் இல்லாத அடையில் மெழுகுப்பூச்சி முட்டையிடும். புழு நூல் நூலாகச் சுரங்கம் வைத்துக்கொண்டு போகும். பத்து நாளில் கூட்டம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விடும். இத்தாலியத் தேனீ கஷ்டத்தோடு இருந்து பார்க்கும். நம்முடையது இருக்காது, பிடிக்கவில்லையென்றால் கிளம்பிவிடும், அதன் சுபாவம் அது. இடத்தை முன்கூட்டிக் கொடுத்தால் ஓடும், தாமதமாகக் கொடுத்தால் பிரியும். கூட்டத்துக்கு ஒரு அடி பின்னால், ஒரே அடி பின்னால் நாம் நடக்க வேண்டும். மாசி, பங்குனியில் வாரம் ஒரு தடவை பெட்டியைத் திறக்கச் சொல்வது அதற்காகத்தான். மற்ற மாதங்களில் மாதம் ஒரு தடவையே அதிகம்.

ஏழு சட்டமும் நிரம்பிவிட்டால் கூட்டத்துக்குள் ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்க ஆரம்பிக்கும், வேர்க்கடலை அளவில், வாய் கீழ்நோக்கி. இதைக் கிள்ளிப் போட்டுவிட்டால் பிரியாது என்று ஒரு கட்சி. கிள்ளிக்கொண்டே இருக்கலாம், ஒன்று கண்ணில் படாமல் தப்பினால் போதும், அடுத்த வாரம் வேப்பமரத்தில் தொங்கும் உங்கள் கூட்டத்தை அண்ணாந்து பார்க்கலாம். வாசலில் ராணித் தடுப்பு மாட்டுவது இன்னொரு கட்சி. பழைய ராணி போகாமல் தடுக்கும், சரி. புது ராணி வெளியே பறந்து போய்த்தான் ஆண் தேனீயோடு சேர வேண்டும். தடுப்பை மறந்துவிட்டால் அதுவும் உள்ளேயே கிடந்து கூட்டம் நாசமாகும். அவர்கள் பிரியத்தான் போகிறார்கள் என்றால் நாமே பிரித்துவிடுவது புத்திசாலித்தனம்.

பிரிப்பது இப்படி. மூடப்பட்ட ராணி அறை உள்ள சட்டமாக ஒன்று, அதோடு மூடின புழு ஒன்றிரண்டு, தேன், மகரந்தம் உள்ளது ஒன்று, மேலே ஒட்டியிருக்கும் தேனீயோடு புதுப் பெட்டிக்கு. பழைய ராணி பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். பழைய பெட்டி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இரண்டடி ஒன்று, அந்தப் பக்கம் இரண்டடி ஒன்று. மேய்ச்சலிலிருந்து திரும்புகிற தேனீ இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமாகப் பங்கு பிரியும். ஒரு பக்கம் கூட்டம் அதிகமாகப் போனால் அந்தப் பெட்டியை இன்னும் ஓரடி தள்ளி வைத்தால் சரியாகிவிடும். ராணி முட்டையிலிருந்து பதினைந்து, பதினாறு நாளில் வெளியே வரும். வெளியே வருவதற்கு முன் பணித் தேனீக்கள் அறையின் நுனியில் மெழுகைச் சுரண்டிப் பழுப்பு நிறக் கூட்டை வெளியே தெரியவைக்கும். அதைப் பார்த்தால் இன்றோ நாளையோ என்று கணக்கு. வந்த பிறகு பறந்து போய்ச் சேர்ந்து, திரும்பி வந்து, முட்டையிடத் தொடங்க இரண்டு வாரம் பிடிக்கும். அதுவரை அந்தப் பெட்டியைத் திறந்து குடையக் கூடாது. வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குக் காட்டுவதற்காகத் திறப்பதும் இதில் சேர்த்தி.

பிரிக்க மனமில்லை, தேன்தான் வேண்டும் என்றால் பங்குனித் தொடக்கத்தில், ஏழு அடையும் நிறைந்த பெட்டிக்கு மட்டும், தேன் அறை வைக்கலாம். வெறும் சட்டமாக வைத்தால் ஏறுவதற்குத் தயங்கும். போன வருஷத்து அடைத் துண்டை வாழைநாரால் கட்டி ஒன்றிரண்டு சட்டத்தில் கொடுத்தால் அன்றைக்கே ஏறிவிடும். நாரை அதுவே கடித்துப் பிரித்து வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். அப்போது வேம்பு பூத்திருக்கும், புங்கை பூத்திருக்கும். வேப்பந்தேனுக்கு அடித்தொண்டையில் ஒரு கசப்பு உண்டு. வாங்கிப் போனவர்கள் சிலர் கலப்படம் என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். முக்கால் பங்கு அறை மூடப்படாமல் தேன் எடுப்பதில்லை, தண்ணீர்ச் சத்து அதிகமிருந்தால் புளித்துவிடும். புழு அறையில் உள்ள தேனைத் தொடுவதே இல்லை. அது ஐப்பசி மழைக்கு அவர்களுடைய சாப்பாடு.

மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடிவிடுவார்கள், ஜூன் 12 வரை ஆற்றில் முறைத் தண்ணீர் கிடையாது. தேனீ வளர்ப்பவன் நினைவில் வைக்க வேண்டிய தேதிகள் இவை. பங்குனி வெயிலில் கூட்டத்துக்குத் தேன் தேடுவதை விடத் தண்ணீர் தேடுவதே பாதி வேலையாகிவிடும். அடையில் தண்ணீரைத் தடவி விசிறினால்தான் சூடு தணியும். வாய்க்கால் காய்ந்துவிட்டால் பக்கத்து வீட்டுக் குழாயடியில் போய் மொய்க்கும். குடத்தோடு வரும் பெண்கள் சும்மா விடுவார்களா? மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, கூழாங்கல் போட்டு, ஓரத்தில் ஈரச் சாக்குப் போட்டுவிட்டால் அந்தச் சண்டை வராது. தை முடிவிலேயே வைத்துப் பழக்க வேண்டும். ஒரு இடத்துக்குப் பழகிவிட்டால் பிறகு மாறாது.

இலவசமாகவும் மானியத்திலும் பெட்டி தருகிற திட்டங்கள் வந்து போகின்றன. எங்கள் பக்கம் ஒரு தடவை ஆனி மாதத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆனியில் டெல்டாவில் நாற்றங்காலைத் தவிர என்ன இருக்கிறது? தீபாவளிக்குள் பெட்டிகள் காலி, இரண்டு வீட்டில் கோழி அடைகாத்தது. அதே பெட்டிகளைத் தையில் தந்திருந்தால் பாதியாவது நின்றிருக்கும். மாவட்டம் முழுவதற்கும் ஒரே கணக்கும் ஆகாது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு. வருஷம் பூராவும் பாளை வெடிக்கும், மகரந்தத்துக்குப் பஞ்சமில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அந்தத் தோப்புகளைப் படுக்கப் போட்டதும் அங்கே தேன்பெட்டி வைத்திருந்த என் மச்சான் சொன்னது: "பெட்டி போனது கூடப் பரவால்ல மாப்ள, மறுபடி வாங்கிக்கலாம். பாளை வெடிக்க இன்னும் எத்தன வருஷமோ?" புதுக்கன்று வைத்துப் பாளை வரும்வரை அவர் பெட்டி வைக்கவில்லை.

ஆற்றுப்படுகையில் எங்களுக்கு மாசி என்றால் உளுந்துதான். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நெல் நிற்கும்போதே ஈரத்தில் ஆடுதுறை 3 உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். ஆள் அறுத்த காலத்தில் அது பழுதில்லாமல் வந்தது. இப்போது கதிரறுக்கும் இயந்திரம் இறங்கினால் சங்கிலி போன தடத்தில் முளை நசுங்குகிறது. போர்செட் உள்ளவர்கள் உளுந்தை விட்டுவிட்டுக் கோடை நெல்லுக்குப் போய்விட்டார்கள். உளுந்தின் பூ தேனீக்குக் காத்துக்கொண்டிருக்கும் பூ இல்லை, அது தன்னிலேயே கருக்கட்டிக்கொள்ளும். ஆனாலும் அந்தப் பூவுக்கு என் கூட்டம் போகிறது, போகிற வாரங்களில்தான் ஐந்தாவது, ஆறாவது அடை கட்டுகிறது. சாலையை அகலப்படுத்தப் புளியமரங்களை வெட்டினார்கள், வாய்க்கால் கரையைச் சிமென்ட் பூசப் புங்கையை எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார்கள். கூட்டிப் பார்த்தால், ஒரு கொல்லையில் நான்கைந்து பெட்டிக்கு மேல் வைக்க ஆற்றுப்படுகையில் இனி இரை இல்லை என்பது என் முடிவு. பத்து வைக்கிறேன் என்று வருகிறவர்களிடம் பேராவூரணிக்குப் போகச் சொல்கிறேன்.

உளுந்தில் வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமல் பரவினால் மருந்து அடிக்காமல் யாரும் இருக்க முடியாது. நான் அதற்குக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் அது சோறு. பக்கத்து வயல்காரர் ஒருவர் முதல் நாள் சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று, "அண்ணே, நாளைக்கு உளுந்துக்கு மருந்தடிக்கிறேன். ஒங்க பூச்சிய உள்ள போட்டுக்குங்க" என்பார். இருட்டின பிறகு வாசலில் கம்பி வலை வைத்து, பெட்டிமேல் ஈரச்சாக்குப் போட்டு, மறுநாள் பகல் மட்டும் அடைத்து வைப்பேன். அதற்கு மேல் அடைத்தால் சூட்டிலேயே அடை உருகி விழும். சொல்லாமல் காலை ஒன்பது மணிக்கு, பூ விரிந்திருக்கும்போது அடித்துவிட்டால், மத்தியானம் வாசலுக்குக் கீழே நாக்கை நீட்டிக்கொண்டு செத்துக்கிடப்பதை முறத்தில்தான் அள்ள வேண்டும்.

ஆகவே உளுந்தும் எள்ளும் போடுகிற சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூ எடுத்த பிறகு அடிக்க வேண்டியிருந்தால் காலையில் அடிக்காதீர்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், தேனீ வீடு திரும்பிய பிறகு அடியுங்கள். முதல் நாளே பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். யார் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் டீக்கடையில் கேளுங்கள், அங்கே தெரியும்.